எலிசபெத்துக்குச் சிவப்பு அட்டை

என் மகன் அவசரப்பட்டுப் பிறந்ததற்கு ஒரு பெனால்டிதான் காரணம் என்று என் கணவன் ஸ்வெஸ்தான் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

நான் இஸ்க்ரா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். தெற்கு மொராவா ஆறு ஓடும் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு அணி உண்டு. தோற்றது எந்த அணியாக இருந்தாலும் திட்டு வாங்குவது நடுவர்தான். அதிலும் நடுவர் பெண்ணாக இருந்துவிட்டால் அவள் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் மரியாதை நடக்கும். ஏழு மாத வயிற்றோடு அன்றைக்கு நான் கூட்டத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாக விசில் ஊதவந்தவன், கோலுக்கு முன்னால் கண்ணெதிரே ஒருவன் காலை வாரிவிட்டும் பெனால்டி கொடுக்காமல் போனான். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "கண்ணு இருக்கா, இல்ல வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தியா?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

இரண்டு அணி ஆட்களும் ஓடிவந்து என்னைத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். அந்த மைதானத்தில் அவர்கள் சேர்ந்து செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஸ்வெஸ்தான் புரெக் சுடுபவன். மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் கறி வைத்தது, சீஸ் வைத்தது என்று வட்ட வட்டத் தட்டுகளாக அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே இருப்பான். ஆள் வாசலை அடைக்கிற உருவம், மனசு மட்டும் வெண்ணெய். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பையனைச் சன்னல் வழியாகப் பார்த்தான். அவன் கடையில் விற்கும் பெரிய ரொட்டியின் கனம்தான் பையன் இருந்தான்.

"இஸ்க்ரா, இவன இன்னும் கொஞ்சம் வேக விட்டிருக்கணும்" என்றான். சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

மாதம் முடியாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஆஸ்பத்திரியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். நான் போனபோது செவ்தா அங்கே முன்பே குடியேறியிருந்தாள். ரோமா, அதாவது ஜிப்சி மக்களின் குடியிருப்புக்காரி. அது அவளுக்கு மூன்றாவது பிரசவம். புருஷன் கல்யாணங்களில் ட்ரம்பெட் வாசிப்பவன். அவள் மகள் எல்மாசா என் பையனுக்குச் சில நாள் மூத்தவள், அடுத்த பெட்டிக்காரி.

"நீதானே அந்த நடுவரம்மா?" என்றாள் செவ்தா, நான் கட்டிலில் உட்காருவதற்குள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊட்டுக்காரன் வாயில வாரா வாரம் உன் பேருதான். நல்ல விதமா இல்ல."

"எந்த டீம் அவரு?"

சொன்னாள்.

"அடப்பாவமே, அவனுங்க ஆப்சைடுலயே பொறந்தவனுங்க."

செவ்தா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. நானும் சிரித்தேன். தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. இருந்தும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. சன்னலோரக் கட்டிலில் இருந்த ஆஞ்செலியா மட்டும் எங்களைப் பார்த்துவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். நகரசபையில் வேலை பார்ப்பவள், முதல் குழந்தை, எல்லாவற்றுக்கும் பயம்.

எல்மாசா மூச்சுக் குழாய் இல்லாமல் தானாக மூச்சுவிட ஆரம்பித்த அன்று, அவள் அப்பன் தன் கோஷ்டியையே கூட்டிக்கொண்டு சன்னலுக்குக் கீழே வந்து நின்று ஊதித் தள்ளினான். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் அப்படித்தான். ஆனால் அந்த மாடிக்கு ராணி துஷாங்கா சிஸ்டர். சன்னலைப் படாரென்று திறந்தார்.

"யோவ்! உள்ள கெடக்கிறது குழந்தைங்க, கல்யாண மாப்பிள்ளை இல்ல! இன்னொரு தடவ ஊதினா அந்த ட்ரம்பெட்ட வெச்சே உனக்கு எனிமா குடுத்துருவேன்!"

கோஷ்டி கப்சிப். எல்லோரும் வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சர்ச்சில் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்து நின்றார்கள். பிறகு நுனிக்காலில் நடந்து போனார்கள்.

இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. பையன் எடை ஏறிக்கொண்டிருந்தான். தினமும் காலையில் பெட்டியின் ஓரத்துளைக்குள் கையை விட்டால் என் விரலைப் பிடித்துக்கொள்வான். ஒரு நாள் பிடிக்கவில்லை. விரலை அவன் உள்ளங்கையில் வைத்தேன், அது பாட்டுக்கு விரிந்தே கிடந்தது. உடம்பு சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. மூச்சு விட மறந்து மறந்து போனான். குழந்தைகள் டாக்டர் வோயின் ஓடி வந்தார். ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மருந்து கேட்கவில்லை. வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஆய்வகத்து டாக்டர் ஸ்மில்யானா மாடிக்கு வந்தார். நெட்டையான அம்மா, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசை மேசையாகத் தேடுபவர். கிருமிகளோடு குடித்தனம் நடத்துபவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் கீழ்த்தளத்தை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ஸ்வெஸ்தானையும் என்னையும் நடைபாதையில் உட்காரவைத்துப் பேசினார்.

"உங்க பையன் ரத்தத்துல ஒரு கிருமி வளந்திருக்கு. எங்க மெஷின் அதுக்கு ஒரு பேரு சொல்லிச்சு. எனக்கு நம்பிக்கை வரல. பெல்கிரேடுக்கு அனுப்பினேன். நான் சந்தேகப்பட்டதுதான். எலிசபெத்கிங்கியா."

"இங்கிலாந்து ராணியா?" என்றான் ஸ்வெஸ்தான். பயம் வந்தால் அவனுக்கு இப்படித்தான் ஏதாவது வாயில் வரும்.

"ராணி இல்ல. இத மொதல்ல அடையாளம் கண்ட ஆராய்ச்சிக்கார அம்மா பேரு எலிசபெத் கிங்."

"பாவம், அவங்க பேர வைக்க வேற நல்ல பொருளே கெடைக்கலையா?"

"நீங்க ஒண்ணு கண்டுபிடிங்க, உங்க பேர வெச்சிடலாம்" என்றார் டாக்டர் சிரிக்காமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது தண்ணியில, மண்ணுல இருக்கிறது. உங்களையும் என்னையும் திரும்பிக்கூடப் பாக்காது. இந்த மாதிரி மாசம் முடியாம வந்த பிள்ளைங்களத்தான் பிடிக்கும். ரொம்ப அபூர்வம். இத்தன வருஷ சர்வீஸ்ல நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு மினுக்கு வந்தது. உடனே அதை அணைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் தெம்புதான் வந்தது. கஷ்டமான ஆட்டம் ஒன்று கையில் கிடைத்தால் என் முகமும் அப்படித்தான் இருக்கும்.

"நம்ம கையில இருக்கிற பெரிய மருந்து எதுக்கும் இது அசையாது" என்றார்.

"அப்ப எதுக்குத்தான் அசையும்?"

"அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். தட்டுல அத வளத்து, ஒவ்வொரு மருந்தாப் பக்கத்துல வெச்சுப் பாக்கறேன். எதப் பாத்து ஒதுங்குதோ, அதக் குடுப்போம். நாளைக்குத் தெரியும்."

மறுநாள் தெரிந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்து ஒன்று, அதோடு வேறொரு வகைக் கிருமிக்கென்றே செய்த மருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால் எலிசபெத் ஒதுங்குகிறாளாம். அன்றிலிருந்து அந்தக் கிருமிக்கு எங்கள் வாயில் எலிசபெத் என்றே பெயராகிவிட்டது. ஆனால் டாக்டர் வோயினின் முகம் தெளியவில்லை. அவரும் சின்ன வயசுக்காரர்தான். பேசும்போது தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தார்.

"முதுகுத்தண்டு தண்ணியிலயும் அது இருக்கு. மூளை உறைக்குப் போயிடுச்சு. இந்த ரெண்டு மருந்தையும் சேத்து இவ்வளவு சின்ன உடம்புக்கு நாங்க குடுத்ததே இல்ல. பெல்கிரேடுல ஒரு தடவ குடுத்திருக்காங்க, பேசிட்டேன். ஈரல் தாங்கணும். பிழைச்சு வந்தாலும் நோயோட வேகத்துல காது கேக்காம போகலாம். குடுக்காம விட்டா..."

"நீங்க சரின்னு சொல்லணும்" என்றார்.

ஸ்வெஸ்தான் என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டில் முடிவுகள் என் வேலை, அழுகை அவன் வேலை. மைதானத்தில் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் நான் முடிவெடுத்துவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

செவ்தா பால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னேன்.

"சரின்னு சொல்லிட்டியா?"

"தப்பாப் போயிடுச்சுன்னா, செவ்தா?"

"மைதானத்துல நீ தப்பா ஊதினதே இல்லையா?"

"ஊதியிருக்கேன்."

"தெரியும். எங்க ஊட்டுக்காரன் கணக்கே வெச்சிருக்கான். ஊதிட்டு என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது, ஓடிக்கிட்டேதான் இருக்கணும்."

"அவ்வளவுதான். ஊதாம நின்னா ஆட்டமே கெடையாது. எந்திரி, மூக்கத் தொடச்சுக்கிட்டுப் போய்ச் சொல்லு."

துடைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

மருந்து ஏற ஆரம்பித்ததற்கு அடுத்த நாள், துஷாங்கா சிஸ்டர் பையனுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். அப்பாக்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஸ்வெஸ்தான் வழக்கம்போல நடைபாதைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். சிஸ்டர் டயப்பரைப் பிரித்ததும் உள்ளே பளீரென்று ஆரஞ்சு நிறம்.

"ரத்தம்!" என்று ஸ்வெஸ்தான் அலறினான். அலறிக்கொண்டே அப்படியே சரிந்து, கண்ணாடிக்குக் கீழே காணாமல் போனான்.

சிஸ்டர் அசையவே இல்லை. டயப்பரை மடித்துப் போட்டுவிட்டு, நிதானமாக வெளியே போய் அவன் கன்னத்தில் தட்டினார்.

"எந்திரிய்யா. ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்தோட கலரு. இனிமே அவன் கண்ணீர்கூட இப்படித்தான் வரும்."

ஸ்வெஸ்தான் தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தான். "அப்ப இவன் ஆரஞ்சுச் சட்டை போடற ஹாலந்து டீமுக்குத்தான் ஆடப்போறானா?" என்று கேட்டான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துவிட்டேன். பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபின் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவன் கடைக்குப் போய் வாடிக்கையாளர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அதன்பின் காலையில் புரெக் வாங்க வருபவர்கள், "இன்னிக்கும் ஆரஞ்சுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அதோடு குடிக்கத் தயிரே கேட்பார்களாம்.

இதற்குள் எல்லாக் குழந்தைகளின் தொண்டையிலும் பஞ்சு வைத்துச் சோதித்திருந்தார்கள். எல்மாசாவின் தொண்டையிலும் எலிசபெத் இருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் செய்யவில்லை, சும்மா தங்கியிருந்தாள். ஆனால் சேதி பரவுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

செவ்தா குளிக்கப் போயிருந்த நேரம் ஆஞ்செலியா தன் துணிகளை மடித்துப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"வேற ரூம் கேட்டிருக்கேன். அவங்க குடியிருப்புத் தண்ணி எப்படின்னு உனக்குத் தெரியாதா? அவதான் கொண்டு வந்திருக்கா."

"நீ பாத்தியா?"

"எத?"

"அவ கொண்டு வந்தத."

"எல்லாரும்தான் சொல்றாங்களே."

"எல்லாரும் சொல்றாங்கன்னு நான் விசில் ஊதியிருந்தேன்னா நம்ம ஊரு டீம் இந்நேரம் ஐரோப்பாக் கோப்பையே ஜெயிச்சிருக்கும். கண்ணால பாக்காததுக்கு அட்டை கெடையாது ஆஞ்செலியா. உக்காரு."

கதவருகே ஈரத்தலையோடு செவ்தா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவளானால் வந்து தன் கட்டிலில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்காகப் பேசாத" என்றாள் மெதுவாக. "எனக்கே சந்தேகமா இருக்கு. உன் பையனோட பெட்டிய எத்தன தடவ தொட்டிருக்கேன். என் கையாலதான் போச்சோ என்னவோ."

அன்றிலிருந்து அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். குழந்தைகள் இருந்த கூடத்துக்குள் நுழையும்போது, வெளியே வரும்போது, நடுவில் இரண்டு தடவை. விரல் கணுக்கள் வெடித்துச் சிவந்துபோயின. எங்கள் சிரிப்பும் நின்றுபோயிற்று.

டாக்டர் ஸ்மில்யானா அதற்குள் மாடி முழுக்க வேட்டையில் இறங்கியிருந்தார். தாய்மார் கைகள், டாக்டர்கள் கைகள், பால் எடுக்கும் கருவி, தொலைபேசி, கதவுக் கைப்பிடி, எதையும் விடாமல் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் குப்பிகளில் அடைத்தார். சிஸ்டர்களுக்கென்று ஸ்வெஸ்தான் தினமும் வாசலில் கொடுத்துவிடும் புரெக் தட்டைக்கூட நிறுத்தினார்.

"டாக்டர், புரெக்கயா சந்தேகப்படறீங்க?" ஸ்வெஸ்தானுக்கு உண்மையாகவே மனசு புண்பட்டுவிட்டது.

"எல்லாத்தையும்தான் சந்தேகப்படறேன்." தட்டின் ஓரத்தைத் துடைத்து மூடினார். "சீஸா, கறியா?"

"சீஸு."

"ஒரு துண்டு எடுத்து வைங்க. சந்தேகத்தோடயே சாப்பிடறேன்."

முடிவு வந்த அன்று அவர் நேராக எங்கள் அறைக்குத்தான் வந்தார். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றோம். அவர் செவ்தாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு இப்படிப் புண்ணாக்கி வெச்சிருக்க? கழுவறதுக்கு முன்னாடி எடுத்த பஞ்சுல இந்த மாடியிலயே சுத்தமான கை உன்னோடதுதான். டாக்டர் வோயின் கையவிட சுத்தம். அவர்கிட்ட சொல்லிடாத, அழுதுருவாரு."

செவ்தா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"குழாய்."

குழந்தைகள் கூடத்து வாசலில் அந்த வசந்தத்தில்தான் புதுக் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டும், எதையும் தொடவே வேண்டாம். ஊர்ப் பெரிய மனிதர்கள் ரிப்பன் வெட்டித் திறந்து, ஆளுக்கு ஒரு தடவை கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மேலே பித்தளைப் பலகையில் அவர்கள் பெயர் இருந்தது. அந்தக் குழாயின் வயிற்றுக்குள் வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றிருக்கிறது. அதற்குள் வழவழவென்று படலம் கட்டிக்கொண்டு எலிசபெத் சௌக்கியமாகக் குடியிருந்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் கிருமி போகட்டும் என்று கழுவியது அந்தத் தண்ணீரில்தான்.

ஆஸ்பத்திரி இயக்குநர் ஓடிவந்தார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் யோசிப்பவர்.

"விழா எடுத்துத் திறந்தோமே டாக்டர்..." என்று இழுத்தார்.

"மூடறதுக்கும் ஒரு விழா எடுங்க. ரிப்பன் நான் வெட்டறேன்."

இயக்குநர் கண்ணாடி வழியாக என் பையனின் பெட்டியைப் பார்த்தார். அதற்குமேல் யோசிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஆட்கள் வந்து குழாயைக் கழற்றினார்கள். பழைய மாதிரி, முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாய் ஒன்றைத் தூரத்தில் வேறு சுவரில் பொருத்தினார்கள். பித்தளைப் பலகையைக் கழற்ற மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஊர்ப் பெரியவர்களின் பெயர் நெடுநாள் ஒரு வெறும் ஓட்டைக்கு மேலே மின்னிக்கொண்டிருந்தது.

கழற்றிய குழாயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நடைபாதை வழியாகத் தூக்கிப்போனார்கள். பிரசவத்தன்று நடந்த அமளியில் ஸ்வெஸ்தான் குழந்தைத் துணிப்பையை விட்டுவிட்டு என் நடுவர் பையைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தான். அது நினைவு வந்தது. ஓடிப்போய்ச் சிவப்பு அட்டையை எடுத்துவந்து, குழாய் என்னைத் தாண்டும்போது கையை உயர்த்திக் காட்டினேன்.

"வெளியே!" என்றேன்.

செவ்தா வாயில் விரலை வைத்து ஒரு சீட்டி அடித்தாள். துஷாங்கா சிஸ்டர் எங்களைத் திட்டுவதற்காகத்தான் வந்தார், ஆனால் வந்தவர் கையைத் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆஞ்செலியா ஒரு கோப்பைக் காப்பியும் ஒரு துண்டு 'லோக்கும்' மிட்டாயும் வைத்த தட்டோடு செவ்தாவின் முன்னால் வந்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். செவ்தா அவளைக் காக்க வைத்தாள். நன்றாகவே காக்க வைத்தாள். பிறகு காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"சக்கரை பத்தல" என்றாள்.

"போட்டுக் கொண்டாரேன்" என்று ஆஞ்செலியா ஓடினாள்.

"நாளைக்கும் பத்தாது" என்று செவ்தா என்னிடம் கண்ணடித்தாள். மறுநாளும் பத்தவில்லை. அதற்கடுத்த நாள்தான் அவள் ஆஞ்செலியாவைத் தன் கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

பையன் ஒரே நாளில் எழுந்துவிடவில்லை. ஒரு நாள் தேறினால் மறுநாள் சோர்ந்து கிடப்பான். ஈரல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, வோயின் மருந்தின் அளவைக் குறைத்தார், பிறகு ஏற்றினார். ரத்தத்தில் எலிசபெத் இல்லை என்று முதலில் தெரிந்தது. முதுகுத்தண்டு நீரிலும் இல்லை என்று தெரியும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சேதியைச் சொல்ல வோயின் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. நடைபாதையில் அவர் குதித்து ஓடிவந்ததிலேயே தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் துஷாங்கா சிஸ்டர் எங்கள் அறைக் கதவை உதைத்துத் திறந்தார்.

"இஸ்க்ரா! வந்து உன் பிள்ளையப் பாரு. ஊரையே கூட்டறான். மத்ததுங்களத் தூங்க விடமாட்டேங்கறான்."

போனேன். முகமெல்லாம் சிவக்க, கையைக் காலை உதறிக்கொண்டு, வாய் கிழியக் கத்திக்கொண்டிருந்தான். விரலை உள்ளே விட்டேன். பிடித்துக்கொண்டான். கத்தலை மட்டும் நிறுத்தவில்லை. நான் உதைவாங்கிய ஆட்டக்காரன்போல அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போன அன்று வாசலிலேயே ஸ்வெஸ்தானை மடக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் சந்தோஷத்தில் அப்பனின் சட்டையைக் கிழிக்க வேண்டும். பையன் பெட்டிக்குள் இருந்தவரை யாரும் அவனைத் தொடவில்லை. இத்தனை நாள் சேர்த்துவைத்ததை எல்லாம் அன்று ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடைப் பையன்கள், இரண்டு கால்பந்து அணிகள், செவ்தாவின் புருஷன் எல்லோரும் பாய்ந்ததில் சட்டையின் காலர் மட்டும்தான் கழுத்தில் மிஞ்சியது. தொப்பையைத் தள்ளிக்கொண்டு, காலரோடு, அவன் எல்லோருக்கும் ராக்கியாச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்தது பெயர். எங்கள் கல்யாணத்துக்குத் துணையாக நின்றவன் போரா. எங்கள் வழக்கப்படி அவன் எங்களுக்குக் கூம், நான் அவனுக்குக் கூமா, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை அவனுடையது. யாரும் குறுக்கே பேச முடியாது. போரா லாரி ஓட்டுபவன். தன் நாய்க்கு "மந்திரி" என்று பெயர் வைத்தவன். எனக்கு உள்ளூர உதறல்.

"கூம், யோசிச்சியா?" என்றேன்.

"யோசிக்காமயா? துருக்கி போய்ட்டு வர்ற வழியெல்லாம் அதே யோசனைதான்."

"நாய் பேரா இருந்தா உன்ன இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

"பேசாம இரு கூமா. பிள்ளையக் குடு." பையனை வாங்கி, லாரி ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அம்மா பேரு இஸ்க்ரா, தீப்பொறி. அப்பன் எந்நேரமும் அடுப்படியில நிக்கறவன். ரெண்டுக்கும் நடுவுல வேற என்ன பொறக்கும்? இவன் ஓக்னியென். நெருப்புக்காரன்."

எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது, போராவிடம் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. செவ்தாவின் புருஷன்தான் முதலில் ட்ரம்பெட்டை எடுத்தான். அன்றைக்கு அவனைத் தடுக்க யாரும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் காதைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். செவ்தாவும் எல்மாசாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்மாசா எல்லாச் சத்தத்துக்கும் திரும்பினாள், வராத சத்தத்துக்கும் திரும்பினாள். ட்ரம்பெட்காரன் மகள் என்று சொல்லிச் சோதனை செய்த பெண் சிரித்தாள். ஓக்னியென் என் மடியில் உட்கார்ந்தான். வலது பக்கம் மணி அடித்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்தான். இடது பக்கம் அடித்தார்கள். திரும்பவில்லை. கொஞ்சம் பலமாக அடித்தார்கள். அப்போது திரும்பினான்.

"வலது காது ரொம்ப நல்லா இருக்கு. இடதுல கொஞ்சம் குறை" என்றாள் அந்தப் பெண். "பேச்சு நல்லாவே வரும். பள்ளிக்கூடம் போற வயசுல தேவைப்பட்டா சின்னதா ஒரு கருவி வைக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

நான் ஓக்னியெனின் இடது காதைக் கையால் பொத்திக்கொண்டேன். எத்தனை மோசமானதற்கெல்லாம் தயாராக இருந்தேன். இது ஒன்றுமே இல்லை என்று தெரியும். இருந்தும் கையை எடுக்க முடியவில்லை. ஸ்வெஸ்தான் என் முகத்தைப் பார்த்தான். வழக்கத்துக்கு மாறாக அவன் அழவில்லை.

"விடு இஸ்க்ரா. நீ வீட்டுல கத்தற கத்தலுக்கு ஒரு காது கொஞ்சம் கம்மியா கேட்டா நல்லதுதானே? எனக்கு அந்தக் குடுப்பினை இல்லையேன்னு இருக்கு."

நான் அவன் தோளில் குத்தினேன். செவ்தா, "இன்னொண்ணு குத்து" என்றாள்.

இப்போது ஓக்னியென் நடக்கிறான். தூக்கம் வந்தால் தானாகவே வலது பக்கமாகச் சாய்ந்து, அந்தக் காதைத் தலையணையில் புதைத்துக்கொள்வான். அதற்கப்புறம் பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும், தெருவில் லாரி போனாலும், அவன் அப்பன் அடுக்களையில் தட்டுகளைப் போட்டு உடைத்தாலும் அசையமாட்டான். மற்றக் குழந்தைகளைப் பெற்றவர்கள் எங்களிடம் வந்து எப்படித் தூங்கவைக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். வலது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் போதும் என்கிறோம்.